ஓட்டையைக் காட்டப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்

அரசுத் தளங்களின் பாதுகாப்பு ஓட்டைகளை வெளிக்கொண்டுவரக் கிளம்பும் பிள்ளைகள், ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகளைச் செய்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். அவற்றில் முக்கியமானவை இவை.

ஆதாரத்துக்கென்று மொத்தத்தையும் இறக்குவது

எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். ஒரு உதவித்தொகைத் தளம். விண்ணப்ப எண் இணைய முகவரியிலேயே தெரிந்தது. கடைசி இலக்கத்தை 7-லிருந்து 8 ஆக்கினேன். யாரோ ஒரு மாணவியின் சாதிச் சான்றிதழும் வங்கிக் கணக்கு எண்ணும் திரையில் வந்து நின்றன. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஒன்றைக் காட்டினால் நம்பமாட்டார்கள் என்று, எண்ணைத் தானாக மாற்றி மாற்றி இறக்கும் ஒரு சிறு நிரல் எழுதி, விடிவதற்குள் நாலாயிரம் விண்ணப்பங்களை இறக்கிவிட்டேன். புகாரோடு போனபோது முதல் கேள்வியே, "எத்தனை எடுத்தீங்க?" அப்புறம் பேச்செல்லாம் என் லேப்டாப்பைப் பற்றித்தான். தளம் மாதக்கணக்கில் திறந்தே கிடந்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, அனுமதியின்றித் தரவை நகலெடுத்தாலே இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கம் என்று காட்டிவிட்டால் 66-ஆம் பிரிவு வரும்: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணம் என்று நீங்கள் சொல்வீர்கள்; லேப்டாப்பில் இருக்கும் நாலாயிரம் கோப்புகள் வேறு மாதிரி சொல்லும்.

சட்டத்தை விடுங்கள், அந்த மாணவியை நினையுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னது அவளுக்கும் சேர்த்துத்தான். பொதுத் தரவைப் பயன்படுத்து, தனியார் தரவைக் காப்பாற்று என்பது ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் ஹேக்கர்களின் பழைய நெறி. நான் அதில் பாதியைத்தான் படித்திருந்தேன்.

உங்கள் விண்ணப்பம், சம்மதித்த நண்பருடையது, இரண்டு போதும். முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதிவிட்டுக் கையை எடுங்கள்.

அடுத்தவர் கடவுச்சொல்

தொடாதீர்கள்.

கறுப்புப் பட்டை

ஆவணத்தை வெளியிடும்போது பெயரை மறைக்க, பிடிஎஃப்பில் அதன்மேல் வெறும் கறுப்புப் பெட்டி வைத்தால் எழுத்து அடியில் அப்படியே இருக்கும். நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், தெரியும்.

கேட்டால் கிடைப்பதை உடைத்து எடுப்பது

தகவல் அறியும் உரிமைச் சட்ட (ஆர்டிஐ) மனுவுக்கு 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "ஏன்" என்று கேட்காதீர்கள், கோப்புக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். தனிநபர் தகவல் என்று மறுத்தால் பலர் விட்டுவிடுகிறார்கள். தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம் தரும் ஆர்டிஐ பிரிவு 8(1)(ஜே)-யில் இருந்த பொதுநலன் வரியை 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எடுத்துவிட்டது உண்மைதான். ஆனால் பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) இருக்கிறது. முதல் மேல்முறையீட்டில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள்.