தண்ணீரில் இறங்கும் டிரெய்லருக்கு எந்த கிரீஸ்?

டிராக்டர் டிரெய்லர் ஒரு நாளில் நாலு முறை வாய்க்காலைத் தாண்டும், சேற்றில் ஹப் (சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் பகுதி) வரைக்கும் இறங்கும். பேரிங் போனதும் லோடு அதிகம் என்று லோடு மேல் பழி போடுகிறோம். ஹப்பைக் கழற்றிப் பார்த்தால் பல நேரம் கதை வேறு. கிரீஸ் பால் நிறத்தில் வெளுத்திருக்கும், அதாவது உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான ஹப், குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், அந்த வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

1. சோப்பு எது என்று பாருங்கள்

கிரீஸில் பெரும்பங்கு எண்ணெய்தான். பஞ்சு போல அதைப் பிடித்து வைத்திருப்பது 'சோப்பு' எனப்படும் கெட்டிப்பொருள். தண்ணீரைத் தாங்குமா, தாங்காதா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது.

சோடியம் சோப்பு தண்ணீரில் கரைந்துவிடும், இந்த வேலைக்கு ஆகாது. பழைய கால்சியம் கிரீஸ் தண்ணீரை நன்றாகத் தாங்கும், ஆனால் 100 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உருகி ஒழுகிவிடும். சாதாரண லித்தியம் கிரீஸ் உருகும் நிலை 180 டிகிரிக்கு மேல். மழை, தெறிக்கும் தண்ணீர் மட்டும் என்றால் இதுவே போதும். பிரேக் உள்ள, தூர ஓட்டம் ஓடும் டிரெய்லருக்கு இன்னும் அதிகச் சூடு தாங்கும் லித்தியம் காம்ப்ளக்ஸ் வகை நல்லது.

அடிக்கடி மூழ்கும் வண்டிக்கு நான் சொல்வது கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளக்ஸ். தண்ணீர் கலந்தாலும் சட்டென்று இளகாது, துருவையும் நன்றாகத் தடுக்கும். கடற்கரை மணலில் படகு இழுக்கும் வண்டிக்கு இதைவிட்டு வேறு யோசிக்கவே வேண்டாம். விலை கூடத்தான். ஆனால் ஹப் ஒன்றுக்குப் போகும் அளவு கொஞ்சம்தானே.

நிறத்தை நம்பாதீர்கள். நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் கம்பெனி சேர்க்கும் சாயம்.

2. டப்பாவில் உள்ள எண்கள்

கெட்டித்தன்மைக்கு என்எல்ஜிஐ (அமெரிக்க கிரீஸ் அமைப்பு) எண் இருக்கும். வீல் பேரிங்குக்கு 2 என்றால் சரி. அமெரிக்க முறைப்படி 'ஜிசி-எல்பி' என்று போட்டிருந்தால், ஜிசி வீல் பேரிங்குக்கு, எல்பி சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டப் பாகங்களுக்கு). அதே அமைப்பின் புதிய 'ஹெச்பிஎம்' தர முத்திரையோடு 'டபிள்யூஆர்' இருந்தால் தண்ணீர் தாங்கும் சோதனையில் தேறியது, 'சிஆர்' இருந்தால் உப்புநீர்த் துருவுக்கான சோதனையில் தேறியது.

'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று டப்பாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். கம்பெனியின் டேட்டா ஷீட்டைக் (சோதனை விவரத் தாள்) கேளுங்கள், அதில் ஏஎஸ்டிஎம் டி1264 என்ற சோதனையின் வரியைத் தேடுங்கள். சுழலும் பேரிங்கில் தண்ணீர் பீய்ச்சி, எத்தனை சதவீத கிரீஸ் கழுவிப் போனது என்று அளக்கும் சோதனை அது. எண் சிறியதாக இருந்தால் நல்லது. இரண்டு கிரீஸை ஒப்பிடும்போது சோதனை வெப்பநிலையும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

3. கமான் பட்டைக்கு வேறு கணக்கு

கமான் பட்டையின் முனையைப் பிடித்திருக்கும் ஷேக்கிள் பின் முழுச்சுற்று சுற்றாது. இருந்த இடத்திலேயே கொஞ்சம் அசையும், அடி வாங்கும். அதனால் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ் அங்கே நன்றாக வேலை செய்யும். வீல் பேரிங்குக்கு அதே டப்பாவைத் தூக்காதீர்கள், அது பேரிங்குக்கும் ஏற்றதா என்று படித்துவிட்டுப் போடுங்கள். நிப்பிளைத் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) துடைத்துவிட்டு, பழைய அழுக்கு வெளியே வந்து புது கிரீஸ் தெரியும்வரை கிரீஸ் கன் அடியுங்கள். ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும், சத்தம் வந்தால் சிலிக்கான் கிரீஸ்தான்.

4. பழையதும் புதியதும் சேருமா?

சேரும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பொருந்தாத இரண்டு சோப்பு கலந்தால் கிரீஸ் இளகி ஒழுகலாம். சோப்புக்குப் பதில் பாலியூரியா அல்லது களிமண்ணைக் கெட்டிப்பொருளாகக் கொண்ட கிரீஸை வேறெதோடும் கலக்காமல் இருப்பதே பாதுகாப்பு. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி முழுக்க உலர விடுங்கள். கம்ப்ரஸர் காற்றில் பேரிங்கைச் சுழற்றி விளையாட வேண்டாம், உருளை தெறித்துக் காயம்படும்.

5. அடைப்பது

உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுங்கள். மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் பிதுங்க வேண்டும். ஹப்பின் உள்ளே மூன்றில் ஒரு பங்கு போதும். முழுக்க அடைத்தால் தண்ணீர் வராது என்பது தவறான நம்பிக்கை. கிரீஸ் கடைந்து சூடாகி சீலைத் தள்ளிவிடும். ஆயில் சீலைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும், அதன் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, நட்டு கழலாமல் பூட்டும் கோட்டர் பின்னைப் புதிதாக மாட்டுங்கள். எவ்வளவு தளர்த்துவது என்பதற்கு அந்த டிரெய்லரின் கையேடுதான் கணக்கு. அப்புறம் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஹப்பை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பிரேக் பிடிக்காமல் வந்தும் கை வைக்க முடியாத சூடு என்றால், நட்டை அதிகம் இறுக்கிவிட்டீர்கள் அல்லது கிரீஸை அதிகம் அடைத்துவிட்டீர்கள்.