கிணற்றடிக்கு முன் ஒரு கயிற்றுத் துண்டு

எங்கள் ஊர் கல்லடியில் குளிப்பு கிணற்றடியில்தான். மகளுக்கு ஆறு வயது. கண்ணும் தெரியாது, காதும் கேளாது. முதல் வாளி தண்ணீர் மேலே பட்டதும் கத்திக் கடிப்பாள். தண்ணீர்ப் பயம் என்றே ஒரு வருடம் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த ரீச்சர் கேட்டா: "குளிக்கப் போறமெண்டு பிள்ளைக்கு எப்படிச் சொல்லுறீங்க?"

நான் சொன்னதே இல்லை. அவளுக்கு அது எங்கிருந்தோ விழும் குளிர்.

பழைய வாளிக் கயிற்றில் ஒரு சாண் வெட்டினேன். குளிக்கும் முன் ஒவ்வொரு முறையும் அதே துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன். காத்திருப்பதுதான் கஷ்டம், தொட்டதை விளங்கிக்கொள்ள அவளுக்கு நேரம் வேண்டும். இப்படி ஒரு பொருளை முன்னறிவிப்பாகக் கொடுப்பதை 1960களிலேயே நெதர்லாந்தில் யான் வான் டைக் என்ற ஆசிரியர் இப்படிப்பட்ட பிள்ளைகளோடு செய்திருக்கிறார்.

அப்புறம் கை. முன்பு அவள் கையைப் பிடித்து அமுக்குவேன். இப்போது என் கை கீழே, அவள் கை மேலே. பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். அப்படியே கிணற்றுக்கட்டு, ஈரக்கயிறு, வெறும் வாளி, நிறைந்த வாளியின் பாரம் எல்லாவற்றையும் தொட்டோம். தண்ணீர் கோப்பைக்குள் மட்டும் இருப்பதல்ல, கீழிருந்து இழுத்து எடுப்பது என்பதை அவள் விரல்கள் மெல்லப் பிடித்துக்கொண்டன. முதலில் கால், பிறகு கை, கடைசியில்தான் தலை.

சரியாக மூன்றாவது மாதம், ஒரு புழுக்கமான மத்தியானம், அவளே கயிற்றுத் துண்டைத் தேடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.