தேரி மணலும் கிழிஞ்ச ரப்பர் 'பூட்'டும்: மாருதி 800 என்ஜினை வீட்டுலயே ஏத்துறது எப்படி

திசையன்விளைப் பக்கம் பழைய கார் வச்சிருக்கவங்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமாத்தான் இருக்கும். நேரா ஓட்டும்போது ஒண்ணும் கேக்காது. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பினா மட்டும் முன்சக்கரத்துப் பக்கம் 'டக் டக் டக்'னு வரும். கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரத்தைச் சுத்தவைக்கிற ஆக்ஸில் நுனியில, சிவி ஜாயின்ட்னு ஒரு மூட்டு இருக்கு, அது தேயுற சத்தம் அது. ஜாயின்டை மூடியிருக்க ரப்பர் பூட் கிழிஞ்சா கிரீஸ் வெளிய தெறிச்சுரும், நம்ம தேரிச் செம்மணல் உள்ள போயிரும். மிச்ச கிரீஸும் மணலும் கலந்தா இரும்பை அரைக்கிற, வால்வு தேய்க்கிற பேஸ்ட்டேதான்.

என்னோடது 1998 மாடல், கார்பரேட்டர் வண்டி. மூணு சிலிண்டர், 796 சிசி. இந்த வண்டி 1983-ல வந்து 2014 ஜனவரி வரைக்கும் தயாரிப்புல இருந்ததால சாமானுக்கு இன்னும் பஞ்சமில்ல. பிஸ்டன் ரிங் மாத்துறதுக்காக என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேத்தே மேல வழியா எடுத்தோம். அதுக்கு ஆக்ஸில் ரெண்டையும் உருவும்போதுதான் இடது பூட் வாயைப் பொளந்து கிடந்ததைப் பாத்தேன். அதனால என்ஜினைத் திரும்ப ஏத்துறது, பூட் மாத்துறதுன்னு ரெண்டு வேலையையும் சேத்தே எழுதுறேன்.

ஆனி, ஆடியில இதைத் தொடாதீங்க. அந்தக் காத்துல ஜாயின்டைத் திறந்து வச்சா மணலைக் கூப்பிட்டு உக்கார வச்ச மாதிரி. நான் மாசியில செஞ்சேன், சாணித் தரையில பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரிச்சு.

எதுல தொங்கவிடுறது

வேப்பமரக் கிளையும் வேண்டாம், தகரக் கொட்டகைக் குழாயும் வேண்டாம். போர் மோட்டார் தூக்குறவங்ககிட்ட மூணுகால் ஸ்டாண்டும் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கும், அதை வாங்கிக்கிடுங்க. தொங்குற என்ஜினுக்குக் கீழ கையோ காலோ தலையோ போகவே கூடாது. வண்டிக்குக் கீழ படுக்கணும்னா ஜாக்கை மட்டும் நம்பாம ஜாக் ஸ்டாண்ட் வையுங்க. சிமெண்ட் ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாம நொறுங்கும்.

தரையிலேயே சேருங்க

முதல்ல கிளட்ச். ஃபிளைவீல் முகத்துல எண்ணெய்க் கை படக்கூடாது. கிளட்ச் பிளேட்டுல ஸ்பிரிங் துருத்திக்கிட்டு இருக்க பக்கம் கியர்பாக்ஸைப் பாத்து இருக்கணும். பிளேட் நடுவுல உக்காரணும், அதுக்கு கியர்பாக்ஸ்ல இருந்து கிளட்ச்சுக்குள்ள போற பல் வச்ச தண்டு, அதான் இன்புட் ஷாஃப்ட், பழசு ஒண்ணை ஒர்க்‌ஷாப்புல கேட்டு வாங்கி உள்ள விட்டு நிறுத்திக்கிட்டு, கவர் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக் கொஞ்சங் கொஞ்சமா இறுக்குங்க.

அடுத்து கியர்பாக்ஸை என்ஜினோட சேக்கணும். தப்பு நடக்குற இடம் இதுதான். ரெண்டும் ஒரு விரல் இடைவெளிவரைக்கும் சுகமா வந்து நிக்கும், அப்புறம் நகராது. உடனே நமக்கு நீள போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுக்கத் தோணும். நான் ஸ்பானரை எடுத்துட்டேன். பக்கத்துல இருந்த மெக்கானிக் அண்ணாச்சி கையைத் தட்டிவிட்டார். "ஏல, போல்ட்டு இழுத்துச் சேக்குறதுக்கு இல்லல. சேந்ததைப் பிடிச்சு வைக்கிறதுக்கு."

அவர் சொன்னது சரி. முறுக்கினா ஒண்ணு கிளட்ச் பிளேட்டோட நடுப்பகுதி கோணும், இல்ல போல்ட் மாட்டுற அலுமினியக் காது உடையும். இன்புட் ஷாஃப்ட் பல்லும் பிளேட் பல்லும் எதிரெதிரா முட்டிக்கிட்டு நிக்கிறதாலதான் அந்த இடைவெளி. கியர்பாக்ஸை என்ஜினுக்கு நேர்மட்டமாப் பிடிச்சுக்கிட்டு, கிராங்க் புல்லியில ஸ்பானர் போட்டு ஒரு நூல் திருப்புங்க. பல்லுக்குப் பல் விழுந்ததும் கைத் தள்ளுலயே போய் ஒட்டும். அதுக்கப்புறம் போல்ட்.

இறக்கும்போது ஒருத்தர் செயின், ஒருத்தர் வழிகாட்ட. பிரேக் பைப்பும் வயரும் இடுக்குல சிக்காமப் பாருங்க. என்ஜினைப் பாடியோட பிடிக்கிற மவுண்ட் போல்ட் எல்லாத்தையும் கையால நாலு மரை ஏத்திட்டு, என்ஜின் தானா உக்காந்தப்புறம் இறுக்கணும். ஒண்ணை முதல்லயே இறுக்கினா மத்த ஓட்டை எதுவும் நேருக்கு வராது.

எர்த் பட்டையை மறக்காதீங்க. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல போற அந்தப் பின்னல் வயர் விட்டுப்போனா ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியா ஊருக்குப் போகப் பாக்கும், கேபிள் புகைஞ்சுரும்.

ஆக்ஸில்

ஆக்ஸில் மட்டும் செய்றவங்களுக்கு ஒரு வார்த்தை. சக்கர நடுவுல ஆக்ஸில் நுனியைப் பிடிச்சிருக்க ஹப் நட்டை, வண்டி தரையில நிக்கும்போதே, ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லித் தளர்த்துங்க. அதுக்கு முன்னாடி ஸ்ப்ளிட் பின் இருந்தா உருவணும், நட்டோட உதடு மடக்கியிருந்தா நிமிர்த்தணும். அப்புறம் வண்டியை ஜாக் ஸ்டாண்ட்ல ஏத்தி, சக்கரத்தைக் கழட்டி, கியர் ஆயிலை வடிச்சுட்டு, கீழ் பால் ஜாயின்டைப் பிரிச்சு ஹப்பை வெளிப்பக்கமாச் சாச்சா ஆக்ஸில் நுனி வந்துரும். வரலன்னா நட்டை நுனிவரைக்கும் திரும்பப் போட்டு, மரக்கட்டை வச்சுத் தட்டுங்க. மரை சப்பையாகாது. கியர்பாக்ஸ் பக்கம் லீவர் கொடுத்து நெம்பணும், ஷாஃப்டைப் பிடிச்சு இழுத்தா உள் ஜாயின்ட் தனியாக் கழண்டுரும்.

வெளி ஜாயின்டைக் கழட்டி டீசல்ல அலசுங்க. உள்ள ஆறு குண்டு இருக்கும். பிரிக்கும் முன்னால எது எந்தப் பக்கம்னு பெயிண்ட்ல புள்ளி வச்சுக்கிடுங்க. குண்டு ஓடுற பள்ளத்துல நகத்தை ஓட்டிப் பாத்தா, வழுவழுன்னு போகணும். நகம் தட்டி நின்னா ஜாயின்டையே மாத்தணும். புது கிரீஸ் வச்சாச் சத்தம் போயிரும்னு சொல்றவங்க பேச்சை நம்பாதீங்க. என்னோடது தப்பிச்சுது, ஏன்னா கிழிசல் புதுசு.

அலசினதை நல்லாக் காயவிட்டுட்டுத்தான் கிரீஸ். பூட் கிட்டோட வர்ற கருப்பு மாலிப்டினம் கிரீஸ் பாக்கெட் முழுசையும் வைக்கணும். மிச்சம் பிடிக்கக் கூடாது. மாட்டு வண்டிக்குப் போடுற மஞ்ச கிரீஸ் இதுக்கு ஆகாது.

இப்ப என் கூத்து. ஜாயின்டை அழகாக் கிரீஸ் அடைச்சு, தட்டி உள்ள ஏத்தி, கழண்டு வராமப் பிடிக்கிற லாக் ரிங் விழுந்த சத்தத்தையும் கேட்டுட்டு எந்திரிச்சா, பூட் பேனர் மேல கிடந்து என்னைப் பாத்துச் சிரிக்குது. பூட்டையும் சின்ன கிளாம்பையும் முதல்ல ஷாஃப்ட்ல மாட்டிட்டுத்தான் ஜாயின்ட்! மச்சான் விழுந்து விழுந்து சிரிச்சான். திரும்பக் கழட்டி, துடைச்சு, அரைமணி நேரம் போச்சு. ஷாஃப்ட் பல் மேல டேப் சுத்திட்டுப் பூட்டை ஏத்துங்க, புது ரப்பர் கீறாது.

பெரிய கிளாம்பை இறுக்கினதும், சின்ன வாயில மழுங்கின ஸ்க்ரூ டிரைவரை விட்டு உள்காத்தை வெளிய விடணும். இல்லன்னா பூட் உப்பிக்கிட்டோ ஒட்டிப்போயோ நிக்கும், சீக்கிரம் கிழியும். கட்டுக்கம்பி வேண்டாம், ஸ்டீல் கிளாம்பே போடுங்க.

கியர்பாக்ஸ் ஆயில் சீல் உதட்டுல ஆயில் தடவி, உள்நுனியில புது லாக் ரிங் போட்டு, ஷாஃப்டை நேராத் தள்ளுங்க. 'டக்'னு விழணும். உள் ஜாயின்ட்டோட வெளிக் கூட்டைப் பிடிச்சு இழுத்தா வரக்கூடாது. பால் ஜாயின்டைச் சேத்து, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில இறக்கினப்புறம்தான் ஹப் நட்டைக் கடைசியா இறுக்கணும். அளவு சர்வீஸ் புத்தகத்துல இருக்கு, டார்க் ரென்ச்சால அதே அளவுக்கு இறுக்கி, புது பின் போடுங்க.

முதல் ஸ்டார்ட்

கியர் ஆயில், என்ஜின் ஆயில், கூலன்ட் மூணும் ஊத்தியாச்சான்னு இன்னொரு ஆளை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. பெட்ரோல் ஹோஸ்ல கசிவு இருக்கான்னு மோந்து பாருங்க. இக்னிஷன் காயிலுக்கு வர்ற கரண்ட் வயரைக் கழட்டிட்டு, ஆயில் லைட் அணையுறவரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிங்க. அப்புறம் வயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க.

நாங்க சாயங்காலம் உவரி ரோட்டுல கொண்டுபோய், ஒரு காலி மைதானத்துல ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு இடது பக்கம் மூணு வட்டம், வலது பக்கம் மூணு வட்டம் அடிச்சோம். டக் டக் இல்ல. மச்சான்தான் பின் சீட்டுல உக்காந்துக்கிட்டு, "பூட் மாட்டுனியா அத்தான்?"னு கேட்டுக்கிட்டே வந்தான்.