வளரும் தொடக்கப் பள்ளிக்கு நிரந்தர வகுப்பறை: எங்கிருந்து தொடங்குவது?

பள்ளியில் பிள்ளைகள் பெருகினால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் கூடுதலாக வந்த பிள்ளைகள் முதலில் போய் உட்காரும் இடம் தாழ்வாரம். ஒரு கரும்பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, நாலு பெஞ்சை நகர்த்திப் போட்டு, "இந்த ஒரு வருஷம் சமாளிச்சுக்குவோம்" என்று வகுப்பு தொடங்கிவிடும்.

அப்படி ஒரு தாழ்வாரத்தில் இரண்டாம் வகுப்பு நடந்ததைக் கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். டீச்சர் "ஏழும் அஞ்சும் எத்தனை?" என்று கேட்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு மொத்தமாகச் சேர்ந்து வாய்ப்பாடு சொல்கிறது. கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி டீச்சரின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழாததை உதட்டசைவில் பிடிக்கப் பார்க்கிறாள் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அந்த "ஒரு வருஷம்" மூன்று வருஷமாக நீண்டது.

பள்ளிக் கட்டடக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெற்றோர், ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பொறியாளர் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

படி 1: எத்தனை அறை என்பதைப் பதிவேட்டில் தேடுங்கள்

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 அறை. இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்துவிட்டார்கள். எத்தனை அறை கூடுதலாக வேண்டும்? "ஒன்று" என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அதற்குமுன் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த 60 இந்த வருஷத்தோடு நிற்குமா, இல்லை வருஷா வருஷம் வருமா?

இந்த ஒரு வருஷம் மட்டும் என்றால், அந்தக் கூடுதல் பிரிவு அடுத்த வருஷம் இரண்டாம் வகுப்புக்குப் போகும், அதற்கடுத்து மூன்றாம் வகுப்புக்கு. ஐந்து வருஷத்துக்கு ஒரே ஒரு அறைதான் அதிகம் தேவை. பிறகு அது காலியாகிவிடும். வருஷா வருஷம் 60 பேர் என்றால் கதை வேறு. முதல் வருஷம் 1 அறை கூடுதல், இரண்டாம் வருஷம் 2, மூன்றாம் வருஷம் 3. ஐந்தாம் வருஷத்தில் 5 அறை கூடுதலாக வேண்டும், அதாவது பள்ளியே இரண்டு மடங்கு. இது தெரியாமல் ஒரு அறை கட்டித் திறப்பு விழா நடத்திய பள்ளியில் அடுத்த ஜூனுக்குள் தாழ்வாரம் மறுபடி நிறைந்துவிடும்.

எது நடக்கும் என்று ஊகிக்கப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடுங்கள். கடைசி ஐந்து வருஷத்துக்கு ஒரு கட்டம் போட்டு, ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மறுவருஷம் இரண்டில் இருந்தார்கள் என்று எழுதுங்கள். 50 பேரில் 46 பேர் தொடர்ந்தால் விகிதம் 0.92. இதே கணக்கை ஒவ்வொரு வகுப்புக்கும் போட்டுவிட்டால், இப்போது ஒன்றில் இருக்கும் 60 பேர் அடுத்த வருஷம் சுமார் 55 ஆக இருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். 55 என்றாலும் இரண்டு பிரிவுதான், ஆக அறை குறையாது. இதோடு சுற்றுவட்டாரத்தில் இப்போது இரண்டு, மூன்று வயதில் எத்தனை குழந்தைகள், புதிதாக எத்தனை வீடுகள் எழும்புகின்றன என்பதையும் விசாரியுங்கள். ஒன்றாம் வகுப்பில் நாளைக்கு உட்காரப்போவது அந்தக் குழந்தைகள்தான்.

ஒரு வருஷ வீக்கம்தான் என்று கணக்கு காட்டினால் தற்காலிக அறை போதும், தாராளமாகப் போடுங்கள். என்றைக்கு அதை எடுப்போம் என்ற தேதியை மட்டும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். தேதி எழுதாத தற்காலிக அறையை அப்புறம் யாரும் எடுப்பதில்லை.

படி 2: இரண்டு அறை கட்டினாலும் பத்து அறைக்கு வரைபடம் போடுங்கள்

பணம் இரண்டு அறைக்குத்தான் இருக்கும். பரவாயில்லை. ஆனால் பள்ளி வளாகம் முழுவதையும் ஒரு தாளில் வரைந்து, மிச்ச எட்டு அறை எங்கே வரும், மாடிப்படி எங்கே, கழிப்பறை எங்கே, விளையாட எவ்வளவு இடம் மிஞ்சும் என்று முதல் நாளே குறித்துவிடுங்கள்.

நான் பங்கெடுத்த ஒரு பள்ளியில் மேல்தளம் தாங்கும் அளவுக்கு அஸ்திவாரம் போட்டோம், தூண் கம்பிகளையும் மேலே நீட்டி விட்டோம். ஆனால் மாடிப்படிக்கு இடம் விடவில்லை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் தண்ணீர்த் தொட்டி. ஆறு வருஷம் கழித்து மாடி கட்டப் பணம் வந்தபோது படி வைக்க வழியில்லை, நீட்டி விட்ட கம்பிகளும் துருவேறிப் போயிருந்தன. அந்த வரைபடத்தில் என் கையெழுத்தும் இருந்தது. இன்றைக்கும் அது உறுத்துகிறது. அதனால்தான் சொல்கிறேன்: மாடி பின்னால் வரும் என்றால் படிக்கட்டின் இடத்தை இன்றே ஒதுக்குங்கள். நீட்டி விடும் கம்பிகளுக்குச் சிமெண்டுப் பால் பூசி, சிமெண்டு குறைவாகக் கலந்த மெலிந்த கான்கிரீட்டால் மூடி வையுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் காண்டோ என்ற கிராமத்தின் தொடக்கப் பள்ளி இதற்கு நல்ல பாடம். அந்தக் கிராமத்திலேயே பிறந்த கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ் கேரே 2001இல் கட்டி முடித்தது. மண் கற்களால் எழுப்பிய அறைகள் ஒரே வரிசையில் நிற்கும். அறைக்கும் அறைக்கும் நடுவே கூரையோடு கூடிய திறந்தவெளி. தகரக் கூரையை உள்கூரைக்கு மேலே தூக்கி நிறுத்தியதால் இடையில் காற்று ஓடி வெக்கையை இழுத்துக்கொண்டு போகிறது. பள்ளிக்கு 2004இல் ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது. பிள்ளைகள் பெருகியதும் பழைய கட்டடத்தை இடிக்காமல் பக்கத்திலேயே நீட்டிப்புக் கட்டடம் எழுந்தது. 2022இல் கேரேக்குக் கட்டடக் கலையின் மிக உயர்ந்த பரிசாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசும் கொடுத்தார்கள். மண், தகரம், ஊர்க்காரர்களின் உழைப்பு என்று எளிய பொருட்களை வைத்தே நிரந்தரமாகக் கட்டலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 3: அறையைத் தரையில் கோடு போட்டுப் பாருங்கள்

இதற்குச் சுண்ணாம்புப் பொடியும் கயிறும் போதும். மைதானத்தில் 8 மீட்டருக்கு 6 மீட்டர் கோடு போடுங்கள். 48 சதுர மீட்டர் வரும், 30 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1.6 சதுர மீட்டர். குறுகிய பக்கத்தில் கரும்பலகை இருப்பதாக வைத்து, அதிலிருந்து 2 மீட்டர் தள்ளி முதல் பெஞ்சைப் போட்டு நிஜப் பிள்ளைகளை உட்காரச் சொல்லுங்கள். பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு சாதாரண அளவில் எழுதுங்கள். கடைசி வரிசையில் இருப்பவர் படிக்க முடிகிறதா? டீச்சர் ஒவ்வொரு பெஞ்சுக்கும் இடுப்பை ஒடுக்காமல் போய்வர முடிகிறதா? பைகளை எங்கே வைப்பார்கள்? தாளில் விசாலமாகத் தெரிந்த அறை, பிள்ளைகள் உட்கார்ந்ததும் சுருங்கிவிடும். கோடாக இருக்கும்போது அதைத் திருத்தக் காசு செலவில்லை.

படி 4: வெளிச்சம், காற்று, சத்தம்

ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உள்ளே நன்றாகப் பரவும். மேல்விளிம்பு தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜன்னல் ஒரே பக்கம் இருந்தால் 6 மீட்டர் அகல அறையின் மறுகோடி மங்கிப்போகும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் ஜன்னல் கேளுங்கள், காற்றும் அதனால்தான் குறுக்கே ஓடும். வெப்பமான இடமாக இருந்தால் நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருக்கட்டும். கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் வெயில் தாழ்ந்து நேராக வருவதால் சன்ஷேடு போட்டும் பெரிய பயனில்லை.

மூடிய அறையில் 30 பேர் மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு விறுவிறுவென ஏறும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நெரிசலான, காற்றோட்டமில்லாத வகுப்பில் 2,000ஐத் தாண்டுவது சாதாரணம். மதியம் பிள்ளைகள் தூங்கி வழிவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை.

சத்தத்தை யாரும் யோசிப்பதே இல்லை. இரு வகுப்புகளுக்கு நடுவே பலகைத் தடுப்பு வேண்டாம், கூரை வரை முழுச் சுவராக எழுப்பச் சொல்லுங்கள். வெறும் தகரக் கூரை என்றால் மழை பிடித்ததும் பாடம் நின்றுவிடும், அதனால் கீழே ஒரு உள்கூரை அவசியம். கட்டி முடித்த அறையில் கை தட்டிப் பாருங்கள். ஒலி கணகணவென்று இழுத்தால் பின்சுவரிலும் மேலேயும் ஒலியை உறிஞ்சும் பலகை பொருத்த வேண்டும்.

படி 5: வாசலும் கழிப்பறையும் சேர்ந்தே வரட்டும்

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும். சாய்தளத்தின் சரிவு 12க்கு 1, அதாவது உயரத்தைப்போல் 12 மடங்கு நீளம். அடித்தளம் 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளும், அதற்கான இடத்தையும் படி 2இன் வரைபடத்திலேயே காட்டுங்கள்.

பள்ளிகளுக்கான உலக சுகாதார நிறுவன வழிகாட்டல், 25 சிறுமிகளுக்கு ஒரு கழிப்பறை, 50 சிறுவர்களுக்கு ஒரு கழிப்பறையும் சிறுநீர் கழிப்பிடமும் என்கிறது. பள்ளி 150இலிருந்து 300 ஆகி, அதில் பாதி சிறுமிகள் என்றால் அவர்களுக்கு மட்டும் 6 வேண்டும். வகுப்பறைக்கான மதிப்பீட்டிலேயே இதைச் சேர்த்துவிடுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளினால் அவதிப்படுவது சிறுமிகள்தான்.

படி 6: கட்டும்போது கண்ணை எடுக்காதீர்கள்

முதலில் மண் பரிசோதனை, அதன்பிறகுதான் அஸ்திவார வரைபடம். கான்கிரீட் போட்ட பிறகு குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் சில நாள். 7 நாளில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் பெற்றிருக்கும். முழு வடிவமைப்பு பலத்தை 28ஆம் நாளில் சோதிப்பார்கள். அதற்காக அதே கலவையில் வார்த்த க்யூப்களின் (சிறு கான்கிரீட் கட்டிகளின்) சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள், கேட்பது உங்கள் உரிமை. பள்ளி நடக்கும்போதே வேலையும் நடந்தால், நடுவில் உயரமான தடுப்பு இருக்க வேண்டும். பிள்ளைகள் வரும், போகும் நேரத்தில் லாரி உள்ளே வரக்கூடாது.

வரைபடம், கான்கிரீட் கலவை விவரம், கம்பி அளவு, படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துப் பள்ளியிலேயே பத்திரப்படுத்துங்கள். இங்கிலாந்தில் 2023 ஆகஸ்ட் 31 அன்று, பள்ளி திறக்கச் சில நாளே இருக்கையில், 100க்கும் மேற்பட்ட பள்ளிகளின் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். காற்றுக்குமிழ் நிறைந்த ஒருவகை எடை குறைந்த கான்கிரீட் பலகைகள் பல ஆண்டுகளுக்குமுன் கூரைகளில் பொருத்தப்பட்டிருந்தன, எச்சரிக்கையே இல்லாமல் அவை இடிந்து விழலாம் என்ற பயம். தங்கள் கூரையில் இருப்பது அதுதானா என்று பல பள்ளிகள் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

படி 7: குடியேறும் நாள்

ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டியதில் ஒரு பங்கை, ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வைக்க ஒப்பந்தத்திலேயே எழுதியிருங்கள். முதல் பெருமழை அன்று குடையோடு போய் மேல்தளம், ஜன்னல் ஓரம், சுவர் அடி மூன்றையும் பாருங்கள். ஈரம் கசியும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுங்கள்.

பிள்ளைகள் புது அறைக்குப் போன அன்றே தாழ்வாரத்தில் சாய்த்து வைத்த கரும்பலகையை எடுத்துவிடுங்கள், பெஞ்சுகளையும்தான். பிறகு புது அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டீச்சரைச் சாதாரணக் குரலில் ஒரு கணக்குக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே உட்காரும் சிறுமியிடம், காதில் விழுந்ததா என்று விசாரியுங்கள்.