பழைய கால்வாய்ப் பாலத்தை மறுபடி கட்டும்போது

சென்னை வழியாக ஓடும் பக்கிங்காம் கால்வாயின் பழைய செங்கல் பாலம் ஒன்று உங்கள் பொறுப்பில் வந்தால், மேலே நின்று ரோட்டின் அகலத்தை அளக்காதீர்கள். கீழே இறங்கிப் பாருங்கள். பாலப் பணியில் முப்பது வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். முதலில் இதைத்தான் சொல்வேன்.

இந்தக் கால்வாய் 1806-ல் எண்ணூர் பக்கம் வெட்டத் தொடங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-ல், பசித்த சனங்கள் கூலிக்குத் தோண்டியது. விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் போன வழி. கரையில் நடந்தே கயிறு போட்டு இழுப்பார்கள் என்று என் ஆயா சொல்வார். அதனால்தான் பழைய வளைவுகள் தோணி நுழையும் உயரத்தில் நிற்கின்றன. வெள்ளம் வரும்போது நமக்கும் அந்த உயரம்தான் வேண்டும்.

இடிப்பதற்கு முன்பே வளைவின் அடிமட்டத்தை அளந்து, இடிபடாத ஒரு சுவரில் பெயின்டால் குறித்து வையுங்கள். முகத்துவாரம் பக்கமாக இருந்தால் ஓதத்தில் ஒரு தடவை, வற்றத்தில் ஒரு தடவை தண்ணீர் மட்டத்தையும் எடுங்கள். மழை வெள்ளம் எதுவரை ஏறியது என்று கரையோர வீடுகளில் கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். புதிய பாலத்தின் அடி, பழையதை விட ஒரு சாண்கூட இறங்கக் கூடாது. தண்ணீருக்குள் புதிதாகத் தூணும் வேண்டாம். மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரை பறக்கும் ரயிலின் தூண்கள் ஏற்கெனவே கால்வாய்க்குள் நிற்கின்றன.

நான் வேலை பார்த்த ஒரு சிறு பாலத்தில் இந்தக் குறி போடாமல் விட்டோம். உத்தரம் தாழ்ந்துவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆகாயத்தாமரையும் குப்பையும் அதில் சிக்கி அடைத்துக்கொள்ள, பக்கத்துத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். இன்னும் அந்தத் தெரு வழியாகப் போக மனசு வரவில்லை.

வேலையைப் பொங்கல் கழிந்ததும் தொடங்குங்கள், ஐப்பசி மழைக்கு முன் தண்ணீர் வேலையை முடித்துவிடுங்கள். பாலத்தில் தொங்கும் குடிநீர்க் குழாய், கேபிள் எல்லாவற்றுக்கும் அந்தந்தத் துறை ஆட்களை முன்பே வரவழைத்து மாற்றுவழி போட வேண்டும். சவுக்குக் கட்டை அடித்து, மணல் மூட்டை அடுக்கி, பாதிக் கால்வாயை மட்டும் அடையுங்கள். மறுபாதியில் தண்ணீர் ஓடட்டும். அடைத்த குழிக்குள் சாக்கடை வாயு தேங்கும். காற்று அடிக்காமல், வாயு சோதிக்காமல், மேலே ஆள் நிற்காமல் ஒருவரையும் இறக்காதீர்கள். எத்தனை அவசரமானாலும் சரி.

அஸ்திவாரம் உறுதியாக இருந்து வளைவை மட்டும் புதுப்பிப்பதானால், சிமென்ட் காரை வேண்டாம். பழைய செங்கல் ஈரத்தை உள்ளிழுத்து வெளிவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். உப்பு பூத்துக் கல்லின் முகம் உதிரும். சுண்ணாம்பில் செங்கல்தூள், அதாவது சுர்க்கி, சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். எங்கள் மேஸ்திரி நீற்றுச் சுண்ணாம்பு, சுர்க்கி, மணல் மூன்றையும் சம பங்காகப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் அரைக்கச் சொல்வார். உங்கள் சுண்ணாம்புக்கு எது பொருந்தும் என்று முதலில் சின்ன உருண்டை பிடித்துச் சோதியுங்கள்.

சென்டரிங், அதாவது வளைவு இறுகும்வரை அதைத் தாங்கும் தற்காலிகச் சட்டம், அதன் மேல் செங்கலை இரண்டு கரையிலிருந்தும் ஒரே வேகத்தில் ஏற்றி வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சட்டம் சாயும். உச்சிக்கல்லைக் கடைசியில் இறுக்கிச் செருகுங்கள். காரை நன்றாக இறுகிய பிறகே, உச்சியிலிருந்து இரு பக்கமும் சட்டத்தைத் தாங்கும் ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரே நாளில் உருவ வேண்டாம்.

முழுக்க கான்கிரீட் பாலம் என்றால் உப்பும் சாக்கடையும் கம்பியைத் தின்னும். ஸ்லாக் சிமென்ட், அதாவது இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமென்ட், கேளுங்கள். கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் நடுவே 50 மில்லிமீட்டருக்குக் குறையாத கவர் இருக்கிறதா என்று, வார்ப்பதற்கு முன் நீங்களே டேப் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, அடைப்பை எடுக்கும்போது சவுக்குக் கட்டைகளைத் தண்ணீர் மட்டத்தில் அறுத்துவிட்டுப் போகிற பழக்கம் உண்டு. விடாதீர்கள். அடித்த கட்டை எத்தனை என்று எழுதி வைத்து, அத்தனையையும் பிடுங்கி, கரையில் அடுக்கி எண்ணிய பிறகே கணக்கில் கையெழுத்துப் போடுங்கள்.