பழைய ஏரி நீராவிக் கப்பலை மீட்டெடுப்பது எப்படி?

ஏரியில் ஓடிய பழைய பயணிகள் நீராவிக் கப்பலைப் புதுப்பிக்க முன்வருவோரில் பலர் எஞ்சினிலேயே கண்ணாக இருக்கிறார்கள். ஆனால் வேலை நடக்க வேண்டிய வரிசையில் முதலில் வருவது ஆவணம், அடுத்து அடிக்கட்டு, அதாவது நீரில் மிதக்கும் கப்பலின் உடல், பிறகு கொதிகலன், எஞ்சின் கடைசியில்தான் வருகிறது. முறையாகக் கிரீஸ் பூசி வைத்த எஞ்சின் நீருக்கடியிலும் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் தாங்கானிக்கா ஏரியில் ஓடிய லியெம்பாவே சாட்சி. 1913இல் ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், பிரிக்கப்பட்டுச் சுமார் 5,000 பெட்டிகளில் தார் எஸ் சலாம் வரை கடல்வழியாகவும், அங்கிருந்து கிகோமா வரை ரயிலிலும் சென்று, ஏரிக்கரையில் மீண்டும் பூட்டப்பட்டது. 1916 ஜூலையில், எதிரியின் கையில் சிக்கக்கூடாது என்று ஜெர்மானியர்களே அதை மூழ்கடித்தார்கள். பின்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் எஞ்சினுக்கு மட்டும் கனமாகக் கிரீஸ் பூசியிருந்தார்கள். 1924இல் பிரிட்டிஷார் அதைத் தூக்கியபோது எஞ்சினும் கொதிகலன்களும் பயன்படும் நிலையிலேயே இருந்தன. 1927இல் கப்பல் லியெம்பா என்ற புதிய பெயருடன் மீண்டும் ஓடத் தொடங்கியது.

இத்தகைய கப்பல்கள் பல, துண்டுதுண்டாகவே ஏரிக்கு வந்தவை. ஆகவே கட்டிய தளத்தின் வரைபடங்களும் உதிரிப் பட்டியல்களும் எங்காவது மிஞ்சியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கப்பல்தளத்தின் ஆவணக் காப்பகத்தோடு, ரயில் நிறுவனங்களின் கோப்புகளையும் தேட வேண்டும். இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் 1859இல் இறங்கிய கோண்டோலாவையும், நியூசிலாந்தின் வாக்காட்டிப்பு ஏரியில் 1912 முதல் ஓடும் எர்ன்ஸ்லாவையும் ரயில் நிர்வாகங்களே நடத்தின. கப்பலை எந்த ஆண்டின் தோற்றத்துக்குக் கொண்டுவரப் போகிறோம் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி வேலையில் ஆளுக்கொரு கருத்து கிளம்பும். ஒரு திருகைக் கழற்றும் முன்பு கூடப் படம் எடுத்து, எண் எழுதிய தகட்டை அதில் கட்டிவிட வேண்டும்.

அடுத்தது அடிக்கட்டு. கடலுக்கு வழியில்லாத ஏரியில் உலர்துறையை, அதாவது நீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறையைத் தேடி வேறெங்கும் போக முடியாது என்பதால், கரையில் கப்பலை இழுத்தேற்றும் சாய்தளம் உண்டா என்பதே முதல் கேள்வி. இல்லையென்றால் பணத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். நன்னீரில் துரு மெதுவாகவே பிடிக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் நீர்மட்டக் கோட்டையும், கொதிகலனுக்கு அடியையும், ஈர நிலக்கரி கிடந்த அறைகளின் அடித்தகட்டையும் நம்பவே கூடாது. மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தைக் கட்டம் கட்டமாக அளந்து, பழைய வரைபடத்தின் மீதே குறித்துக்கொள்ள வேண்டும். தகடுகளை இணைக்கும் உலோக ஆணியான ரிவெட்டுக்கு இத்தகைய கருவி தேவையில்லை: ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டினால், தளர்ந்த ரிவெட் விரலில் அசைவைக் காட்டிவிடும்.

தளர்ந்ததை மாற்ற நால்வர் வேண்டும். ஒருவர் உலையில் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சுவார். ஒருவர் இடுக்கியால் எடுத்துக் கொடுப்பார். ஒருவர் உள்ளிருந்து தலையைத் தாங்கிப்பிடிப்பார். நான்காமவர் வெளியிலிருந்து மறுமுனையை அடித்து விரிப்பார். ஆறும்போது ரிவெட் சுருங்குவதால்தான் தகடுகள் இறுகுகின்றன. ஆகவே சூடு குறைந்த ரிவெட்டை அடிப்பது வீண். வெல்டிங் எளிது, மலிவு. ஆனால் பழைய தேனிரும்பிலும் எஃகிலும், தகட்டைச் சோதிக்காமல் அதைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். தகடு அடியோடு போயிருந்தால் புதிய அடிக்கட்டே வழி. பழையதைக் காப்பாற்ற முடியாமல் கோண்டோலாவுக்கும் அப்படித்தான் செய்தார்கள். 1980 வாக்கில் அது மீண்டும் பயணிகளை ஏற்றியது.

கொதிகலனையும் குழாய்களையும் சுற்றியுள்ள பழைய உறை ஆஸ்பெஸ்டாஸ் என்றே கொள்ள வேண்டும். உரிமம் பெற்றவர்களைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. அது அகன்றபின் கொதிகலனை நீரால் நிரப்பி, இயக்க அழுத்தத்தைவிட அதிகமான, வழக்கமாக ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஆய்வாளர் முன்னிலையில் சோதிக்க வேண்டும். நீர் அமுங்காது, எனவே தகடு விட்டுக்கொடுத்தாலும் கசிவோடு போகும், நீராவியைப் போல வெடித்துச் சிதறாது. எரிபொருளை ஏரியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளாஸ்கோவுக்குக் குடிநீர் தரும் கேட்ரின் ஏரியில் 1899இல் கட்டப்பட்ட சர் வால்டர் ஸ்காட் என்ற கப்பல் நெடுங்காலம் கோக் எனும் சுட்ட நிலக்கரியில் ஓடி, 2007இல் உயிரி எரிபொருளுக்கு மாறியது. எர்ன்ஸ்லா நூறாண்டுக்கும் மேலாக நிலக்கரியில்தான் ஓடியது.

எஞ்சினில் நேராக நீராவியை விடாமல், உருளைகளில் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழலும் தண்டைத் தாங்கும் தாங்கிகளின் (பேரிங்) இடைவெளியை அறிய, மெல்லிய ஈயக் கம்பியை இடையில் வைத்து மூடியை முடுக்கி, நசுங்கிய கம்பியின் கனத்தை அளந்தால் போதும். எஞ்சினே இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டியதில்லை. டீசலுக்கு மாற்றப்பட்டிருந்த ஜெனீவா ஏரியின் மோந்த்ரூ என்ற கப்பலுக்கு 2001இல் புதிய நீராவி எஞ்சின் பொருத்தினார்கள்.

புது மரமும் உயிர்காப்புக் கருவிகளும் எடையைக் கூட்டியிருக்கும் என்பதால், பயணிகளை ஏற்றும் முன்பு சாய்வுச் சோதனை (எடையை ஒரு பக்கம் நகர்த்திக் கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று அளப்பது) நடத்தி நிலைத்தன்மையைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். முதல் தீயை ஒரு முழு நாளுக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் கொதிகலனின் மேற்பகுதி விரிந்தும் அடிப்பகுதி குளிர்ந்தும் நின்று மூட்டுகள் கசியத் தொடங்கும்.