முதல் கார், முதல் இன்சூரன்ஸ்: கொட்டேஷனை வரி வரியாகப் படிப்பது எப்படி?

ஷோரூமில் ஆன் ரோடு விலை எழுதித் தரும் தாளில் இன்சூரன்ஸுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும். சீட் கவருக்கும் ஃப்ளோர் மேட்டுக்கும் அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள்கூட அந்த வரியைத் தொடுவதில்லை. உண்மையில் அந்தத் தாளில் அதிகம் குறையக்கூடிய தொகை அதுதான். கார் வாங்கும் இடத்திலேயே இன்சூரன்ஸும் எடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. “பிரீமியம் பிரேக்அப் கொடுங்க” என்று கேட்டு வாங்குங்கள்.

பிரித்தால் முதலில் வருவது தர்ட் பார்ட்டி. உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் மரணம், காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கான காப்பீடு இது. மரணத்துக்கும் காயத்துக்கும் தொகை வரம்பு இல்லை. சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். இதன் விலையை அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் புது காருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 1000 சிசி வரை 6,521 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596. பட்டியல் மாறினாலும் எல்லா கம்பெனிக்கும் ஒன்றாகவே மாறும். ஆகவே இங்கே பேரத்துக்கு இடமில்லை.

இடம் இருப்பது ஓன் டேமேஜில், அதாவது உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான பகுதியில். இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் விலையைச் சொல்லலாம். 1200 சிசி கார் ஒன்றுக்கு ஒரு கம்பெனி ஓன் டேமேஜுக்கு 20,000 ரூபாய் சொல்கிறது, இன்னொன்று 10,000 சொல்கிறது என்று வையுங்கள். தர்ட் பார்ட்டி 10,640-ஐயும் 18% ஜிஎஸ்டியையும் சேர்த்தால் முதலாவது 36,155, இரண்டாவது 24,355. அதே கார், அதே காப்பீடு, 11,800 ரூபாய் வித்தியாசம். வெளியே இரண்டு கம்பெனியிலாவது விலை கேட்டுவிட்டு ஷோரூமுக்குப் போனால் பெரும்பாலும் அவர்களே இறங்கி வருவார்கள்.

ஆனால் ஒப்பிடும்போது ஐடிவி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கார் திருடு போனாலோ, சரிசெய்ய முடியாத அளவுக்கு நொறுங்கினாலோ கிடைக்கும் தொகை அதுதான். புது காருக்கு வழக்கமாக ஷோரூம் விலையில் 5% கழித்துப் போடுவார்கள். 8 லட்சம் காருக்கு 7.6 லட்சம். ஐடிவியை 6.5 லட்சமாக எழுதினால் பிரீமியம் குறைந்து கொட்டேஷன் மலிவாகத் தெரியும். மிச்சமாவது சில நூறோ ஆயிரமோ. கார் போனால் இழப்பது ஒரு லட்சத்துக்கு மேல்.

அடுத்த வரி, உரிமையாளரே ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் தரப்படும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. ஏற்கெனவே வேறு பாலிசியில் அந்த அளவுக்கு உங்களுக்கு இருந்தால் எழுதிக் கொடுத்து இதை நீக்கிவிடலாம்.

ஆட்-ஆன், அதாவது கூடுதல் காப்பீடுகளின் பட்டியல் நீளமாக இருக்கும். முதல் ஐந்து ஆண்டுக்கு ஜீரோ டெப், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத காப்பீட்டை அவசியம் எடுங்கள். எதற்கென்று ஒரு பில்லை வைத்துப் பார்க்கலாம். இரண்டரை வயதுக் கார் முன்பக்கம் இடித்துவிட்டது. பம்பர் 10,000, பானெட் 12,000, லேபர் 5,000, மொத்தம் 27,000. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு எப்போதும் 50% தேய்மானம் கழிப்பார்கள். உலோகத்துக்கு இந்த வயதில் 15%. அதனால் பம்பரில் 5,000, பானெட்டில் 1,800, அத்துடன் 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயமாகக் கழிக்கும் 1,000 என 7,800 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். ஜீரோ டெப் இருந்தால் 1,000 மட்டும்தான். ஆண்டுக்கு எத்தனை கிளெய்முக்கு இது செல்லும் என்பதைப் பாலிசியில் பாருங்கள். பல கம்பெனிகள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகின்றன.

சென்னை போல மழைத்தண்ணீர் தேங்கும் ஊரில் எஞ்சின் புரொடெக்ட்டும் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பல கார் உரிமையாளர்கள் இதைக் கசப்பாகக் கற்றுக்கொண்டார்கள். நனைந்த சீட், கார்பெட், வயரிங் ஆகியவற்றைச் சாதாரண முழுக் காப்பீடே பார்த்துக்கொள்ளும். எஞ்சின் அப்படியில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் காற்றைப்போல அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கே உடையும். வெள்ளம் செய்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று கம்பெனி மறுத்துவிடும். ஆகவே தண்ணீரில் நின்ற காரில் சாவியைத் திருகவே கூடாது. நீர்மட்டம் தெரியும்படி படம் எடுத்து, நீர் வடிந்ததும் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கம்பெனிக்குச் சொல்லி டோ செய்யுங்கள்.

ஒரு ஆண்டு முடிந்ததும் பலர் சறுக்கும் இடம் வரும். புது கார் பாலிசியில் தர்ட் பார்ட்டி மூன்று ஆண்டு, ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரே ஆண்டு. முகப்பில் மூன்றாண்டுத் தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். போலீஸ் சோதனையிலும் பிரச்சினை வராது. காருக்கு அடிபடும்போதுதான் காப்பீடு காலாவதியானது தெரியும். முதலாண்டு முடிவில் ‘ஸ்டாண்டலோன் ஓடி’ (தனி ஓன் டேமேஜ்) என்று கேட்டு அதை மட்டும் வாங்குங்கள். இரண்டும் சேர்ந்த காம்ப்ரிஹென்சிவ் என்று கேட்டால் தர்ட் பார்ட்டிக்கு இரண்டாம் முறை பணம் கட்டுவீர்கள். காலாவதியாகி 90 நாள் தாண்டினால் என்சிபி என்ற தள்ளுபடியும் போய்விடும்.

என்சிபி என்பது கிளெய்ம் எடுக்காத ஆண்டுகளுக்கு ஓன் டேமேஜில் தரும் தள்ளுபடி: 20, 25, 35, 45, 50%. ஒரு கிளெய்ம் எடுத்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். 25%-இல் இருக்கும்போது கிளெய்ம் எடுத்தால் அடுத்த ஐந்து புதுப்பித்தல்களில் முறையே 35, 25, 25, 15, 5% எனத் தள்ளுபடியை இழப்பீர்கள். கூட்டினால் ஏறத்தாழ ஒரு முழு ஆண்டின் ஓன் டேமேஜ் பிரீமியம். கதவில் விழுந்த 4,000 ரூபாய்க் கீறலுக்குக் கிளெய்ம் போடாதீர்கள். இந்தத் தள்ளுபடி காருக்கல்ல, உங்களுக்கு உரியது. காரை விற்கும்போது என்சிபி சான்று வாங்கி வைத்தால் மூன்று ஆண்டுக்குள் அடுத்த காருக்குப் பயன்படும். பழைய கார் வாங்குகிறவர்களும் பாலிசியைத் தங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்து அனுமதி தரும் முன் ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். ஓட்டியவரின் லைசென்ஸ் காலாவதி, மது, வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டியது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கிளெய்ம் நிற்காது. திருட்டு என்றால் எஃப்ஐஆர் மட்டும் போதாது. இரண்டு சாவியையும் கேட்பார்கள், அதனால் ஸ்பேர் சாவியை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம் கிடைத்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.